காற்றை எங்கே வைப்பது? – வறண்ட நிலத்திலிருந்து ஒரு படகு வரலாறு

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் நான்குவழிச் சாலை காரியாபட்டியைத் தொட்டுக்கொண்டு அருப்புக்கோட்டை நோக்கி இறங்குகிறது. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் இந்த ஊரைக் கடக்கின்றன. ஊருக்கென்று ஒரு படகு கிடையாது. வட்டாரத்தின் வழியே போகும் குண்டாற்றில் ஐப்பசி, கார்த்திகையில் மழை ஒழுங்காகப் பெய்தால் தண்ணீர் வரும். மற்ற மாதங்களில் மணலும் சீமைக் கருவேலமும்தான். அந்த ஆறு திருச்சுழி, கமுதி என்று கிழக்கும் தெற்குமாக நகர்ந்து மன்னார் வளைகுடாவில் முடிகிறது. கடலைச் சேரும் ஆறு இருந்தும் அதில் ஒரு நாளும் படகு ஓடாத நிலம் இது.

படகைப் பற்றிக் கடலோரத்தார்தான் பேச வேண்டும் என்பது நியாயம். ஆனால் படகுக்கு வேண்டிய பலவும் உள்நாட்டிலிருந்து போனவை. மரம் போனது, பணம் போனது. கடலே பார்க்காத ஊர்களில்கூடக் கோயில் குளத்தில் தெப்பம் ஓடியது. இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால், படகின் வரலாறு முழுவதும் ஒரே கேள்விக்கு மனிதர்கள் கண்டுபிடித்த வெவ்வேறு விடைகளாகத் தெரிகிறது. கேள்வி இதுதான்: காற்றை எங்கே வைப்பது?

தீக்குச்சியிலிருந்து தொடங்கலாம், விருதுநகர் மாவட்டத்துக்காரருக்கு அதைவிடத் தெரிந்த மரத்துண்டு வேறில்லை. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு, அடுத்த ஆண்டு சிவகாசி திரும்பினார்கள். பட்டாசு பிற்பாடுதான் வந்தது. அன்றிலிருந்து சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்துக்கு மெல்லிய மரம் லாரி லாரியாக வந்து இறங்குகிறது, பெரும்பாலும் கேரளத்திலிருந்து. மட்டி, இலவு, அல்பீசியா, மலைவேம்பு, பெருமரம் ஆகியவை அதில் அடக்கம். பெருமரத்துக்குத் தீக்குச்சி மரம் என்றே இன்னொரு பெயர் உண்டு. குச்சிக்கு வலுவான மரம் வேண்டாம். சீராகச் சீவ வரவேண்டும், எளிதில் பற்ற வேண்டும், முக்கியமாக மெழுகைக் குடிக்க வேண்டும். குச்சிகளைச் சட்டத்தில் அடுக்கி மருந்து முக்குவதற்கு முன்னால் குச்சியின் முனையை மெழுகில் தோய்த்துவிடுவார்கள். மருந்து எரியும் நேரம் ஓரிரு நொடிதான். அந்த நெருப்பைக் குச்சிக்குக் கடத்துவது மெழுகு. மெழுகு உள்ளே இறங்க மரத்துக்குள் இடம் இருக்க வேண்டும்.

அந்த இடம்தான் நமக்கு வேண்டியது. எந்த மரத்தை எடுத்தாலும் அதன் செல்சுவரின் அடர்த்தி ஏறத்தாழ ஒன்றுதான்: ஒரு கன மீட்டருக்குச் சுமார் 1,500 கிலோ. தண்ணீர் 1,000 கிலோ. அதாவது, மரம் என்ற பொருள் தண்ணீரில் மூழ்கும் பொருள். மரக்கட்டை மிதப்பதற்குக் காரணம் மரமல்ல, செல்களுக்குள் அடைபட்டிருக்கிற காற்று. தேக்கில் காற்று கொஞ்சம் குறைவு. ஒரு கன மீட்டர் தேக்கு 650 கிலோ அளவுக்கு வரும். அல்பீசியாவில் காற்று மிக அதிகம்; 300 முதல் 350 கிலோதான். கருங்காலி போன்றவற்றில் செல்சுவர் தடித்துக் காற்றுக்கு இடம் மிகக் குறைந்துபோவதால் நல்ல கருங்காலிக் கட்டை தண்ணீரில் போட்டதும் அடியில் போய் உட்காரும். கரிமூட்டம் போடுகிறவர்கள் சீமைக் கருவேலத்தை விரும்புவதும் தீப்பெட்டிக்காரர்கள் அதைத் தொடாததும் இதே காரணத்தால்தான்.

இப்போது கடற்கரைக்குப் போவோம். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையிலும் குமரிக் கரையிலும் கட்டுமரத்துக்குத் தேடப்பட்ட மரங்களின் பெயர்களைக் கேட்டால், தீப்பெட்டி ஆலைக்காரருக்கு அவை புதியவை அல்ல. அல்பீசியா, மலைவேம்பு, இலவு. மெழுகை வாங்கிக்கொள்கிற அதே வெற்றிடம்தான் கடலில் ஆளைச் சுமக்கிறது. இந்த ஒற்றுமை தற்செயலானதல்ல. இரண்டு தொழிலும் மரத்தை வாங்கவில்லை. மரம் அடைத்து வைத்திருக்கிற காற்றை வாங்கின.

கணக்கு எளிது. ஒரு கட்டுமரத்தில் மொத்தம் 1 கன மீட்டர் மரம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காய்ந்த நிலையில் எடை 350 கிலோ. அது முழுவதும் கடலுக்குள் அமிழ்ந்தால் தள்ளும் நீரின் எடை 1,025 கிலோ. கடல்நீர் நல்ல தண்ணீரைவிட அவ்வளவு கனம். மிச்சம் 675 கிலோ. ஆட்கள், வலை, மீன் எல்லாவற்றுக்கும் அதுதான் வரம்பு. தேக்கில் செய்திருந்தால் மிச்சம் 375 கிலோவாகக் குறைந்துவிடும், விலையோ பல மடங்கு. அல்பீசியா தண்ணீரைக் குடிக்கக் குடிக்க 350 கிலோ 600-ஐ நெருங்கும். அப்போது சுமக்கும் திறன் 425-க்கு இறங்கும். கடலுக்குப் போய்வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் பரப்பிக் காயவைப்பது இதற்காகத்தான். வெளியூர்க்காரர் கண்ணுக்கு அது படகைப் பிரித்துப் போட்டது போலத் தெரியும். உண்மையில் தண்ணீர் பிடித்த இடத்தில் மறுபடி காற்றை நிரப்புகிற வேலை அது.

1947-ல் நார்வேக்காரர் தோர் ஹெயர்டால் பால்சா மரத் தெப்பம் ஒன்றில் பெருவிலிருந்து பசிபிக் கடலைக் கடக்கக் கிளம்பியபோது, பால்சா தண்ணீரைக் குடித்துப் பாதி வழியில் மூழ்கிவிடும் என்று பலர் எச்சரித்தார்கள். 101 நாள் கடலில் கிடந்தும் தெப்பம் மூழ்கவில்லை. பச்சை மரத்தின் சாறு கடல்நீரை உள்ளே விடாமல் தாமதப்படுத்தியது. கட்டுமரக்காரருக்கு இந்தச் சிக்கலே கிடையாது. அவர் தினமும் கரைக்கு வந்துவிடுகிறவர்.

ஆர்க்கிமிடீஸை இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது. அவர் பெயரைக் கேட்டதும் குளியல் தொட்டியும் கிரீடமும்தான் நினைவுக்கு வரும். அந்தக் கதை மூழ்குகிற பொருளைப் பற்றியது. மிதக்கிற பொருளைப் பற்றியதல்ல. மிதப்பதைப் பற்றி அவர் எழுதியது தனி நூல், இரண்டு பாகம். கி.மு. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த நூலின் கிரேக்க மூலம் நெடுங்காலம் காணாமல் போயிருந்தது. மேலே வேறு எழுத்து எழுதப்பட்டிருந்த பழைய தோல் சுவடி ஒன்றில் அது ஒளிந்திருப்பதை, கான்ஸ்டான்டிநோபிளில் ஹைபெர்க் என்ற டேனிஷ் அறிஞர் 1906-ல் கண்டுபிடித்தார். முதல் பாகம் எல்லோருக்கும் தெரிந்த விதியைச் சொல்கிறது: மிதக்கும் பொருள், தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்குகிறது. இரண்டாம் பாகத்தை யாரும் பாடத்தில் சேர்ப்பதில்லை. கிண்ணம் போன்ற வடிவத்தைச் சாய்த்து நீரில் விட்டால் அது நிமிருமா, சாய்ந்தே கிடக்குமா என்பது அதில் வரும் ஆராய்ச்சி. மிதப்பதோடு கதை முடியவில்லை என்பது அவருக்கே தெரிந்திருந்தது. அதற்குப் பின்னர் வருவோம்.

கட்டுமரத்தின் சிறப்பு அது மிதப்பதல்ல, அதற்குள் தண்ணீர் புகுந்தாலும் ஒன்றும் ஆகாது என்பது. உள்ளே என்று சொல்ல அதற்கு இடமே கிடையாது. அலை மேலே ஏறும், மரங்களுக்கு இடையே வழிந்து போகும். சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகம் அரிது. கரைக்கு நேரே அலை உடைகிற கடல் அது. 1875-ல் துறைமுக வேலை தொடங்கும் வரை சென்னைக்கு வந்த கப்பல்கள் வெளியே நங்கூரம் பாய்ச்சி நின்றன. ஓலையில் முடைந்த கூர்த்தொப்பிக்குள் கடிதங்களைச் செருகிக்கொண்டு அலையைத் தாண்டிக் கப்பலுக்குக் கொண்டு சேர்த்தவர்கள் கட்டுமரக்காரர்கள். பயணிகளையும் சரக்கையும் கரை சேர்த்தது மசூலா படகு. அதில் ஆணி கிடையாது, விலாச்சட்டம் கிடையாது; பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடித்தால் பலகை நெளிந்து கொடுக்கும். விறைப்பான ஐரோப்பியப் படகு அதே அலையில் மணலில் மோதிப் பிளந்துவிடும். தையல் வழியே தண்ணீர் கசியும், இறைத்துக்கொண்டே போக வேண்டும். உடைவதற்குக் கசிவது மேல் என்று கணக்குப் போட்டிருந்தார்கள்.

சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இவற்றையெல்லாம் கரை கரையாகப் போய் அளந்து, வரைந்து, எழுதிவைத்தார். இந்தியப் படகு வடிவங்களைப் பற்றிய அவருடைய ஆய்வு 1920-ல் வங்காள ஆசியச் சங்க வெளியீடாக வந்தது. உலகம் முழுவதன் நீர்ப்போக்குவரத்தையும் சேர்த்து அவர் எழுதிய பெரிய நூல் 1946-ல் கேம்பிரிட்ஜில் அச்சானது. கோலா மீனுக்குப் போகிற பெரிய கட்டுமரம், கோதாவரிப் பக்கம் இரண்டு பனைமரத்தைக் குடைந்து இணைத்த சங்கடம், கொங்கு நாட்டு ஆறுகளில் சுற்றிவரும் பரிசல் என்று அவர் பதிவு செய்தவற்றில் பாதி இன்று நூலில் மட்டும் இருக்கிறது. காலனி அதிகாரி ஒருவர் எழுதியதால்தான் நம் படகுகளின் அளவு நமக்கே தெரிகிறது என்பது உறுத்தத்தான் செய்கிறது. ஆனாலும் அவர் அளவுகளை நம்பலாம். படகைக் காட்சிப் பொருளாகப் பார்க்காமல் தொழில் கருவியாகப் பார்த்தவர் அவர்.

மரத்துக்குள் இருக்கும் காற்று போதாதபோது மனிதர்கள் கண்ட இரண்டாவது விடை, மரத்தைக் குடைவது. குடைந்த மரத்தில் மரத்தின் காற்றோடு குழிவின் காற்றும் சேர்ந்துகொள்கிறது. கேரளத்தின் பட்டணம் அகழாய்வில், பழைய முசிறியாகக் கருதப்படும் இடத்தில், 2007-ல் கிடைத்த குடைவு ஓடம் ஏறத்தாழ 6 மீட்டர் நீளம். அயினி மரத்தில் செய்தது, இரண்டாயிரம் ஆண்டுப் பழமையானது. படகு கட்டக் கூடிய தேக்குக் கட்டைகள் ஓடத்தின் அருகிலேயே தறிகளாக நட்டுக் கிடந்தன. எளிய வேலைக்குக் குடைவு ஓடமும் பெரிய வேலைக்குப் பலகைக் கப்பலும் ஒரே துறையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கின்றன. ஒன்று வந்ததும் மற்றொன்று ஒழிந்தது என்று எழுதுவது வசதி. ஆனால் கடற்கரையில் அப்படி நடப்பதில்லை.

வைகையின் முகத்துவாரத்துக்கு அருகே, இராமநாதபுரம் மாவட்டம் அழகன்குளத்தில், தமிழ்நாடு தொல்லியல் துறை 1980-களிலிருந்து பலமுறை அகழ்ந்திருக்கிறது. அங்கே கிடைத்த ஒரு பானை ஓட்டில் யாரோ கப்பல் ஒன்றைக் கீறியிருக்கிறார். அதைப் பெரிய மூன்று பாய்மர ரோமானிய வணிகக் கப்பலாக அடையாளம் கண்டவர், பண்டைக் கடலோட்டத்தில் துறைபோன லயனல் கேசன். மதுரைப் பக்கத்து உள்நாடு கடலைத் தொட்ட வாசல்களில் ஒன்று அழகன்குளம். அந்தக் காலத்துக் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய கடல்வழிக் குறிப்பும் இந்தக் கரையில் இரண்டு வகைக் கலங்களைப் பிரித்துச் சொல்கிறது. ஒன்று, ஒற்றை மரங்களைப் பிணைத்த பெருங்கலம். மற்றொன்று, கங்கைக்கும் கிழக்கே பொன் தீவுக்கும் போகிற மாபெரும் கப்பல். சாதவாகன நாணயங்களில் இரண்டு பாய்மரக் கப்பல் இருக்கிறது. படம் கிடைத்த அளவுக்குக் கப்பல் கிடைக்கவில்லை. வெப்பக் கடலில் மரத்தைக் கடல்புழு தின்றுவிடுகிறது.

பலகைக் கப்பலில் காற்று திறந்தவெளியில் இருக்கிறது. மரத்தின் அடர்த்தி அங்கே அவ்வளவாகப் பொருட்டில்லை, வலுதான் முக்கியம். அதனால் மென்மரம் விடைபெற்று வன்மரம் உள்ளே வருகிறது. தூத்துக்குடித் தோணியின் கதையில் நம் கண்மாய்க்கும் ஒரு பங்கு உண்டு. தோணியின் விலாச்சட்டங்களுக்கு நாட்டுக் கருவேலம் ஏற்றது: கனமானது, உளுத்துப்போகாதது, முக்கியமாக வளைந்து வளர்வது. நேரான மரத்தை அறுத்து வளைவை உண்டாக்கினால் மரநார் வெட்டுப்பட்டு அந்த இடத்தில் ஒடியும். வளைந்தே வளர்ந்த கொம்பில் நாரும் சேர்ந்து வளைந்திருப்பதால் ஒடியாது. தோணி கட்டும் ஆசாரி மரத்தைப் பார்க்கும்போதே எந்தக் கவடு எந்த விலாவுக்கு என்று முடிவு செய்துவிடுவார். தென்மாவட்டக் கண்மாய்ப் படுகைகளில் நின்ற கருவேல மரத்தின் கோணல், தச்சனுக்குக் குறையாகவும் தோணிக்காரருக்கு விலையாகவும் இருந்தது.

1974-ல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்படும் வரை தூத்துக்குடிக்குப் பெரிய கப்பல் கரையருகே வர முடியாது. கடல் ஆழமில்லாததால் பல மைல் தள்ளி நின்றது. கரைக்கும் கப்பலுக்கும் இடையே சரக்கை ஏற்றி இறக்கியவை தோணிகள். பருத்தியும் மற்றச் சரக்குகளும் அவற்றில்தான் போயின. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தாமே பாய் விரித்துப் போன தோணிகளும் உண்டு. அண்மைக் காலம் வரை அவை ஓடின.

மூன்றாவது விடை இரும்பு. ஒரு கன மீட்டர் எஃகு 7,850 கிலோ. ஆனால் ஒரு டன் எஃகைத் தகடாக அடித்து, 1 கன மீட்டருக்கு மேல் கொள்ளளவுள்ள தொட்டியாக மடித்துவிட்டால் அது மிதக்கும். மரத்துக்குக் கைகொடுத்த அதே கணக்கு இரும்புக்கும் கைகொடுக்கிறது. இங்கே மரம் போலப் பொருளுக்குள் ஒளித்த காற்று ஒரு துளியும் இல்லை. முழுவதும் வடிவம் பிடித்துவைத்த காற்று. சுவரில் ஓட்டை விழுந்தால் எல்லாம் போயிற்று.

இரும்புக் கப்பல் என்றதும் தூத்துக்குடிக்கும் வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கும் போய்விடுகிறோம். அந்தக் கதையில் விருதுநகர் மாவட்ட மண்ணுக்கு இருக்கும் இடத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஹைபெர்க் சுவடியைப் படித்த அதே 1906-ல், அக்டோபரில், வ.உ.சி. தொடங்கிய சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. முதலீடு 10 லட்சம் ரூபாய், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அதன் தலைவர் பாண்டித்துரைத் தேவர். மதுரையில் 1901-ல் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர், பாலவநத்தம் ஜமீன்தார். விருதுநகருக்கும் அருப்புக்கோட்டைக்கும் நடுவே, கண்மாய்த் தண்ணீரை நம்பி நிற்கும் ஊர் பாலவநத்தம். அந்த ஊர் ஜமீன் கடலில் நீராவிக் கப்பல் விட்ட கம்பெனிக்குத் தலைமை ஏற்றது. 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்கள் 1907-ல் தூத்துக்குடி – கொழும்பு வழியில் ஓடத் தொடங்கின. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார்; 1911-ல் கம்பெனியைக் கலைத்தார்கள். அந்தக் கப்பல்களை மூழ்கடித்தது கடலல்ல.

கப்பல் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை முதலாளியின் பேராசைக்கு விட்டுவிட முடியாது என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் போராடியவர் சாமுவேல் பிளிம்சால். 1876-ன் சட்டம் கப்பலின் பக்கவாட்டில் பாரக்கோடு போடுவதைக் கட்டாயமாக்கியது. தூத்துக்குடியில் சரக்குக் கப்பலின் பக்கத்தைப் பார்த்தால் ஒரு கோடு இருக்காது, ஏணிப்படி போலப் பல கோடுகள் இருக்கும். நல்ல தண்ணீருக்கு ஒன்று, வெப்பக் கடலுக்கு ஒன்று, குளிர்காலக் கடலுக்கு ஒன்று. நல்ல தண்ணீரில் ஏற்றிய கப்பல் கடலுக்கு வந்ததும் கொஞ்சம் மேலே எழும். கடல்நீர் இரண்டரை சதவீதம் கனம் என்பது இங்கே பெயின்டில் எழுதப்பட்டிருக்கிறது.

நான்காவது விடை, காற்றைப் பெட்டியில் அடைத்துச் சீல் வைப்பது. இது புதியதல்ல. கிணற்றில் நீச்சல் பழகும் பையன் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டிவிட்டார்களே, அது இதுதான். இன்று அந்த இடத்தில் பிளாஸ்டிக் கேன் வந்திருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகக் குவிந்த பைபர் படகுகள், அதற்கு முன்பே தொடங்கியிருந்த மாற்றத்தை விரைவாக முடித்துவைத்தன. கட்டுமரம் பல கரைகளில் ஒதுங்கிவிட்டது. பைபர் கண்ணாடியிழைத் தகட்டின் அடர்த்தி 1,500 கிலோ சுற்றுவட்டாரம். மரத்தின் செல்சுவருக்கும் அதற்கும் எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே கவிழ்ந்து நீர் நிரம்பினால் பைபர் படகு மூழ்க வேண்டியதுதான். அதைத் தடுக்கப் படகின் அறைகளுக்குள் தெர்மோகோல் போன்ற நுரைப் பொருளை அடைக்கிறார்கள். அல்பீசியா தானே செய்து கொடுத்திருந்த நுரையை இப்போது விலை கொடுத்து வாங்கித் திணிக்கிறோம். இதை ஏக்கமாகச் சொல்லவில்லை. பைபர் படகைத் தினமும் அவிழ்த்துக் காயவைக்க வேண்டாம், எஞ்சின் பூட்டலாம், நல்ல கட்டுமர மரம் கிடைப்பதும் அரிதாகிவிட்டது. மீனவர் கணக்குத் தெரிந்துதான் மாறினார். தரம் குறைந்த படகில் நுரையை மிச்சம் பிடிப்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

இதுவரை பேசியதெல்லாம் மிதப்பது. நிமிர்ந்து நிற்பது வேறு. மதுரை மண்டலத்துக்காரருக்கு இதை விளக்கத் தெப்பத்தைவிட நல்ல உதாரணம் இல்லை. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை 1645-ல் திருமலை நாயக்கர் வெட்டினார். ஏறத்தாழ 16 ஏக்கர். வைகையிலிருந்து வாய்க்கால் வழியே தண்ணீர் வரும். தைப்பூசத்தன்று மீனாட்சியும் சுந்தரேசுவரரும் தெப்பமேறி மைய மண்டபத்தைச் சுற்றி வருவார்கள். கரையில் நின்று வடம் பிடித்து இழுப்பார்கள். குளம் வறண்ட ஆண்டுகளில் தெப்பம் மிதக்காது. நிலைத்தெப்பம் என்று பெயர் சொல்லித் திருவிழாவை நடத்திவிடுவார்கள். விருதுநகரில் ஊர் நடுவே தெப்பக்குளம் இருக்கிறது. இன்று பல கோயில்களில் தெப்பத்துக்கு அடியில் இருப்பவை வெற்று இரும்பு டிரம்கள். 200 லிட்டர் டிரம் ஒன்று தன் எடை போகச் சுமார் 180 கிலோ தாங்கும். 60 டிரம்மைக் கட்டினால் 10 டன்னுக்கு மேல். இவ்வளவும் ஆர்க்கிமிடீஸின் முதல் பாகம்.

இரண்டாம் பாகத்தைக் கப்பல் கட்டுவோருக்குப் பயன்படும் கணக்காக மாற்றியவர் பிரெஞ்சுக்காரர் பியேர் பூகெர். பூமியின் வடிவத்தை அளக்க ஆண்டீஸ் மலைக்குப் போன குழுவில் இருந்தவர். கப்பலைப் பற்றிய நூலின் பெரும்பகுதியைக் கடலை விட்டு வெகுதூரத்தில் மலைமேல் இருந்தபடியே எழுதினார். 1746-ல் வெளிவந்த அந்த நூலின் கருத்து இது. எடை, படகின் ஈர்ப்பு மையத்தின் வழியே கீழே இறங்குகிறது. மிதப்பு விசை, மூழ்கிய பகுதியின் நடுவிலிருந்து மேலே எழுகிறது. படகு சாய்ந்தால் மூழ்கிய பகுதியின் வடிவம் மாறுகிறது. மிதப்பு விசை சாய்ந்த பக்கமாக நகர்ந்து, படகை நிமிர்த்தப் பார்க்கிறது. அந்த விசையின் கோடு படகின் நடுக்கோட்டை வெட்டும் புள்ளிக்கு ஒரு பெயர் வைத்தார். இங்கே அதை நிமிர்மையம் என்று சொல்லிக்கொள்வோம். ஈர்ப்பு மையம் நிமிர்மையத்துக்குக் கீழே இருக்கும் வரை படகு நிமிரும். மேலே போனால் கவிழும். எவ்வளவு மிதப்பு இருந்தாலும் கவிழும்.

தெப்பத்தை ஒரு பெட்டியாக வைத்துப் பார்க்கலாம். எல்லாம் சேர்த்து 10 டன். 4 மீட்டர் அகலம், ஆறேகால் மீட்டர் நீளம் என்றால் 40 செ.மீ. நீரில் அமிழும். நிமிர்மையம் அடியிலிருந்து மூன்றரை மீட்டர் உயரத்தில் வரும். ஆட்களும் மண்டபமும் சேர்ந்த ஈர்ப்பு மையம் ஒன்றரை மீட்டரில் இருந்தால்கூட இரண்டு மீட்டர் மிச்சம். இப்போது அதே 10 டன்னை அதே நீளத்தில் 2 மீட்டர் அகலமாகக் குறுக்கிவிடுங்கள். 80 செ.மீ. அமிழும், நன்றாக மிதக்கும். ஆனால் நிமிர்மையம் 82 செ.மீ.-க்கு இறங்கிவிட்டது, ஈர்ப்பு மையம் அதற்கு வெகு மேலே. ஒருவர் தும்மினால் போதும். அகலத்தை இருமடங்காக்கினால் நிமிர்த்தும் வலு எட்டு மடங்காகிறது என்பதுதான் இதன் சூத்திரம். தெப்பம் ஏன் சதுரத்தை ஒட்டியிருக்கிறது, அதன் உயர்ந்த கோபுரத்தை ஏன் மூங்கிலும் துணியும் காகிதமுமாகக் கட்டுகிறார்கள் என்பதற்கு இதில் விடை இருக்கிறது. அலங்காரத்தில் எடை கூடக் கூட நிமிர்மையத்தோடு உள்ள இடைவெளி சுருங்கும். பாக் நீரிணையின் வத்தைக்காரர் இதையே வேறு வழியில் செய்தார்: ஒடுங்கிய படகின் குறுக்கே நீண்ட பலகையை நீட்டி, காற்று வரும் பக்கத்து நுனியில் ஆளை உட்காரவைத்தார். ஹார்னெல் அதையும் வரைந்து வைத்திருக்கிறார்.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 'ஜலகன்யகா' என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். பெரியாறு அணை நீர்த்தேக்கம் அது; தென்மாவட்டக் குடும்பங்கள் விடுமுறைக்குப் போகிற இடம். படகு இரண்டு தளம் கொண்டது, நீரில் இறக்கிச் சில வாரங்களே ஆனது. கரையில் விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கமாக நகர்ந்தார்கள் என்றும், படகின் நிலைத்தன்மையே குறைபாடானது என்றும் பேசப்பட்டது. பழியைப் பயணிகள்மேல் போடுவதை நான் ஏற்கமாட்டேன். சுற்றுலாப் படகில் ஏறியவர் யானையைக் கண்டால் அந்தப் பக்கம் போகத்தான் செய்வார். அவர் போவார் என்று தெரிந்தே படகைக் கட்ட வேண்டும்.

இதைச் சோதிக்க வழி பழையது. ஸ்வீடன் அரசரின் பெருமைக்காகக் கட்டிய 'வாசா' போர்க்கப்பலில், கடலுக்குப் போகும் முன் 30 பேரை மேல்தளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டுப் பார்த்தார்கள். கப்பல் ஆடிய ஆட்டத்தில் சோதனையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. 1628 ஆகஸ்ட் 10 அன்று துறையை விட்டு 1,300 மீட்டர்கூடத் தாண்டாமல் வாசா சாய்ந்து மூழ்கியது. இப்போது ஓட்டத்துக்குப் பதில் நிதானமாகச் செய்கிறார்கள்: தெரிந்த எடையைத் தெரிந்த தூரம் நகர்த்தி, கப்பல் எத்தனை பாகை சாய்கிறது என்று தூக்குக் குண்டு கட்டி அளப்பது.

கோயில் தெப்பத்துக்கும் இதைச் செய்யலாம். மேலே சொன்ன 10 டன் தெப்பத்தில், நடுத்தூணில் 2 மீட்டர் நூலில் கொத்தனாரின் தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு, 60 கிலோ உள்ள 5 பேரைக் குறுக்கே 2 மீட்டர் நகரச் சொன்னால், குண்டு 6 செ.மீ. விலகினால் ஈர்ப்பு மையத்துக்கும் நிமிர்மையத்துக்கும் இடையே இரண்டு மீட்டர் இருக்கிறது என்று அர்த்தம். 6 செ.மீ. 20 ஆனால் மிச்சம் 60 செ.மீ.தான்; மேலே ஏறுவோர் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், அல்லது பக்கத்துக்கு ஒரு வரிசை டிரம் கூட்டிக் கட்ட வேண்டும். சாமி ஏறுவதற்கு முதல் நாள் அரை மணி நேரம் போதும்.